எச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டே அமெரிக்காவில் வீடு வாங்குவது எப்படி?

க்ரீன் கார்டு வந்த பிறகுதான் வீட்டுக் கடன் கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டு வாடகை கட்டுகிறார்கள். அது சரியில்லை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி, முறையான விசாவில் வசிப்பவருக்கும் குடிமக்களுக்குக் கிடைக்கிற அதே கடன் கிடைக்கும். டெக்சஸில் நானும் என் கணவரும் எச்-1பியில் இருந்தபோதுதான் வாங்கினோம். அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடன் மட்டும் இப்போது கிடையாது. 2025 மே 25 முதல் தற்காலிக விசாக்காரர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்து 3.5 சதவீத டவுன் பேமென்ட் என்று கணக்குப் போடாதீர்கள். அரசு காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடன்தான் வழி.

முதலில் கிரெடிட், அதாவது கடன் வரலாறு. ஊரில் சிபில் 800 இருந்தாலும் இங்கே இறங்கும்போது உங்கள் பெயரில் எதுவுமே இருக்காது. இங்கே கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் ஃபைகோ ஸ்கோர் வருவதற்கு, குறைந்தது ஒரு கணக்காவது தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். அதனால் எஸ்எஸ்என் என்ற சமூகப் பாதுகாப்பு எண் கைக்கு வந்த வாரமே கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். சம்பளம் விழும் வங்கியிலேயே செக்யூர்ட் கார்டு கேட்கலாம். நீங்கள் கட்டும் டெபாசிட்தான் லிமிட். நோவா கிரெடிட் என்ற நிறுவனம் வழியாக இந்திய கிரெடிட் வரலாற்றைப் பார்த்துக் கார்டு கொடுக்கும் வசதியை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வைத்திருக்கிறது, அதையும் முயலலாம்.

ஸ்கோரில் 35 சதவீதம் நேரத்துக்குக் கட்டுவது, 30 சதவீதம் பாக்கி எவ்வளவு என்பது. கார்டு நிறுவனம் பொதுவாக ஸ்டேட்மென்ட் போடும் அன்று இருக்கிற பாக்கியைத்தான் கடன் விவரங்களைச் சேகரிக்கும் ப்யூரோக்களுக்கு அனுப்பும். 500 டாலர் லிமிட்டில் 450 செலவு செய்து, கடைசித் தேதிக்குள் முழுவதும் கட்டினாலும், 90 சதவீதம் பயன்படுத்தியவர் என்றே பதிவாகும். எனவே ஸ்டேட்மென்ட் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால் ஸ்கோர் ஏறும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நம் ஆட்களுக்கென்று ஒரு பெயர்ச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், வங்கியில் இனிஷியலாகிவிடும், வாடகை ஒப்பந்தத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். எஸ்எஸ்என் அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காமில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று ப்யூரோக்களின் அறிக்கையும் வாரம் ஒருமுறை இலவசம். வீடு தேடுவதற்கு ஆறு மாதம் முன்பே எடுத்துப் பார்த்து, தப்பாக இருப்பதைத் திருத்தச் சொல்லுங்கள். கடன் கொடுப்பவர் மூன்று ஸ்கோரையும் எடுத்து நடுவில் உள்ளதைத்தான் கணக்கில் கொள்வார். 740க்கு மேல் இருந்தால் நல்ல வட்டி கேட்கலாம்.

அப்புறம் டவுன் பேமென்ட், அதாவது நாம் கையிலிருந்து போடும் முன்பணம். 20 சதவீதத்துக்குக் குறைந்தால் பிஎம்ஐ என்ற, கடன் கொடுப்பவருக்கான காப்பீட்டுக் கட்டணம் மாதாமாதம் சேரும். கடன் பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அதைவிடத் தலைவலி ஊரிலிருந்து வரும் பணம். கடைசி இரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டில் பெரிய தொகை எது விழுந்திருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். க்ளோசிங்குக்கு, அதாவது கையெழுத்திட்டு வீடு கைமாறும் நாளுக்கு முன்பே பணம் டாலராக மாறி அமெரிக்கக் கணக்கில் இருந்தாக வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர் ஊர் வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அதற்கு 15சிஏ எனப்படும் வரி அறிவிப்புப் படிவமும், பெரும்பாலும் 15சிபி எனப்படும் ஆடிட்டர் சான்றிதழும் தேவை, ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அப்பா, அம்மா இந்தியாவிலிருந்து கொடுப்பதென்றால் ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதி, அவர்கள் கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டரும் வேண்டும். ஓர் ஆண்டில் இப்படி வருவது 1,00,000 டாலரைத் தாண்டினால் நீங்கள் அமெரிக்க வரித் துறையில் 3520 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வரி கிடையாது, ஆனால் சொல்லாமல் விட்டால் அபராதம் கடுமை. எஃப்டி உடைத்த ரசீது, நிலம் விற்ற பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வையுங்கள்.

கடன் கேட்கும்போது ஐ-797 என்ற விசா ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட், 30 நாள் சம்பளச் சீட்டு, இரண்டு வருட டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பள, வரி விவரம்) தயாராக இருக்கட்டும். ஒரு வங்கி எங்களிடம் விசாவைப் பார்த்ததுமே கூடாது என்றது. அது அந்த வங்கி தனக்கு வைத்துக்கொண்ட விதி, நாட்டுச் சட்டமில்லை. அடுத்த இடத்துக்குப் போங்கள். மூன்று நான்கு பேரிடம் 14 நாளுக்குள் கேட்டுவிட்டால் ஸ்கோரில் ஒரே விசாரணையாகவே எண்ணப்படும். விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட் என்ற வட்டி, கட்டண மதிப்பீட்டை அவர்கள் அனுப்பியாக வேண்டும். அதில் வட்டியை மட்டும் பார்க்காமல், கடன் கொடுப்பவர் தனக்கு எடுத்துக்கொள்ளும், 'ஏ' பகுதியில் உள்ள கட்டணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ வருமானம் இல்லையென்றால் கடனில் பெயர் வராமல் போகலாம். ஆனால் பத்திரத்தில் சேர்க்கலாம். இது தெரியாமல் எத்தனையோ பெண்களின் பெயர் விடுபட்டுப் போகிறது. சொத்துரிமையைச் சரிபார்த்துப் பத்திர வேலையை முடிக்கும் டைட்டில் கம்பெனியிடம் தெளிவாகக் கேட்டு, இரண்டு பெயரும் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வேலை போனால், வேறு வேலை தேடவோ விசா மாற்றவோ எச்-1பிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். ஆறு மாதத் தவணையும் சொத்து வரியும் தனியாக எடுத்துவைக்க முடியாவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள் என்றுதான் என் தம்பிக்கும் சொன்னேன். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் சொத்து வரி மாதத் தவணையில் கணிசமாக ஏறி உட்காரும்.

கடன் ஒப்புதல் வந்த பிறகு வேலை மாறாதீர்கள், புதுக் கார் வாங்காதீர்கள். க்ளோசிங்குக்கு முன் மறுபடி கிரெடிட் பார்ப்பார்கள். இறுதிக் கணக்கைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் மூன்று வேலை நாள் முன்பே வரும், எஸ்டிமேட்டோடு வரிக்கு வரி சரிபாருங்கள். பணம் வயர் செய்யும் முன், மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை நம்பி அனுப்பாமல், உங்களிடம் முன்பே இருக்கும் டைட்டில் கம்பெனி எண்ணுக்கு நீங்களே ஃபோன் செய்து உறுதிப்படுத்துங்கள். இந்த நேரம் பார்த்துப் போலி மின்னஞ்சல் அனுப்பும் கும்பல்கள் இருக்கின்றன. போன பணம் திரும்புவது அரிது.