டிரை சால்டருக்கு மேலே லெட்டை ஊற்றாதீர்கள்

"தட்டினா பாடுது, விட்டா நின்னுடுது" என்று ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்தால் உடனே ஐசியைச் சந்தேகப்படாதீர்கள், முதலில் டிரை சால்டரைத் தேடுங்கள், அதாவது ஒட்டியது போலத் தெரிந்தும் உள்ளே விட்டுப்போன ஜாயின்ட்டை. சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரைப் பக்கம் மைக்செட் ஆம்ப்ளிஃபயர்கள் வேனில் குலுங்கி, வெயிலில் காய்ந்து, ராத்திரி முழுக்கச் சூட்டிலேயே ஓடுகின்றன. ஜாயின்ட் விடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பலரும் செய்கிற வைத்தியம், மேலே கொஞ்சம் லெட்டை, அதாவது ஒட்டுகிற ஈயக் கம்பியை, உருக்கி ஊற்றுவது. அடியில் பேடும் (போர்டில் உள்ள செம்புப் பொட்டு) பார்ட்டின் காலும் சூடாகவில்லை என்றால் விரிசல் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த ஊர்த் திருவிழாவில் மறுபடி கரகர.

தேடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பெரிய ஃபில்டர் கன்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்கும், ஒரு பல்பு வைத்து அதை இறக்கிவிடுங்கள். அப்புறம் போர்டைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்தையும் துழாவ வேண்டாம். அவுட்புட் டிரான்சிஸ்டர் கால்கள், டிரான்ஸ்ஃபார்மர் பின், ஸ்பீக்கர் டெர்மினல், வால்யூம் கன்ட்ரோல், அதாவது சூடாகிற பார்ட்டும் கனமான பார்ட்டும் கை படுகிற பார்ட்டும்தான் முதலில் விடும். காலைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் அதுதான்.

பழைய லெட்டைச் சக்கர் என்கிற உறிஞ்சுகுழாயால் உறிஞ்சி எடுங்கள், கால் கறுத்திருந்தால் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். சால்டரிங் அயர்னின் நுனியான பிட்டை, பேடும் காலும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, லெட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள், பிட்டின் மேல் இல்லை. இரண்டு மூன்று நொடி போதும். லெட்டை முதலில் எடுங்கள், பிட்டை அப்புறம், ஆறும் வரை ஆட்டாதீர்கள், ஃபேன் காற்றும் நேராகப் படக்கூடாது. நல்ல ஜாயின்ட் பேடிலிருந்து காலை நோக்கிச் சரிவாக ஏறியிருக்கும்.

தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் உருண்டு நின்றால் அழுக்கு, இல்லை லெட் ஒட்ட உதவும் பேஸ்ட் (பிளக்ஸ்) போதவில்லை. பேஸ்ட் வாங்கும்போது எலக்ட்ரானிக்ஸுக்கு உள்ள ரோஸின் வகையா என்று கேட்டு வாங்குங்கள், தகர வேலைக்குப் போடும் ஆசிட் வகை போர்டில் தங்கினால் கொஞ்ச நாளில் டிராக்கை (போர்டில் ஓடும் செம்புக் கோடு) பச்சை பூக்க வைத்துவிடும்.

சில இடத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது, பெரும்பாலும் அகலமான கிரவுண்ட் டிராக்காக இருக்கும், சூட்டையெல்லாம் செம்பு இழுத்துக்கொள்கிறது. 25 வாட்ஸ் அயர்னோடு மல்லுக்கட்டாமல் 60 வாட்ஸில் தடித்த பிட் போட்டுச் சட்டென்று முடியுங்கள், நேரத்தை நீட்டினால் பேடு பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்தே போயிருந்தால் டிராக்கின் மேலுள்ள பச்சைப் பூச்சைச் சுரண்டி, வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் காலைப் பாலமாக வைத்து ஒட்டுங்கள்.

வோல்டேஜையும் பாருங்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் 230 இருக்க வேண்டியது 190க்கு இறங்கினால், சாதாரண 25 வாட்ஸ் அயர்ன் 17 வாட்ஸ் அளவுக்குத்தான் வேலை செய்யும். கையில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்போம்! அந்த நேரத்தில் டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள சால்டரிங் ஸ்டேஷன் இருந்தால் நிம்மதி, சுமார் 350 டிகிரியில் வைத்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு கலந்த 63/37 லெட் சரியாக 183 டிகிரியில் உருகி அதே இடத்தில் உறையும். 60/40 கொஞ்ச நேரம் கூழாக நிற்கும், அப்போது ஆடினால் ஜாயின்ட் போச்சு. புதுப் போர்டுகளில் லெட் ஃப்ரீ, அதாவது ஈயமே இல்லாத சால்டர் இருந்தால் 217 டிகிரிக்கு மேல் வேண்டும், அது இயல்பாகவே மங்கலாகத்தான் தெரியும், மங்கல் என்பதற்காக மட்டும் டிரை சால்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிட் கறுத்துப் போனால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. வெறும் செம்பு பிட்டை அரம் போட்டு ராவலாம், பூச்சு உள்ள பிட்டில் உப்புத்தாள் பட்டால் அதோடு அது காலி. ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, எப்போதும் நுனியில் லெட் பூசி வையுங்கள், டீ குடிக்கப் போனால் அயர்னை அணைத்துவிட்டுப் போங்கள். டீக்கு முன்னால் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகை பிளக்ஸிலிருந்து வருவது, ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் விரல் வழியாகத்தான்.

ஐசி கால்கள் இரண்டு ஒட்டிக்கொண்டால் பேஸ்ட் தடவி, சுத்தமான பிட்டை நீளவாக்கில் ஒரு இழுப்பு இழுங்கள், பிரியாவிட்டால் டீசால்டரிங் விக் (லெட்டை உறிஞ்சும் செம்புப் பின்னல்). எல்லாம் முடிந்ததும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) வைத்துத் துடைத்து, மல்டிமீட்டரில் சப்ளை ஷார்ட் இல்லை என்று பார்த்து, முதல் தடவை சீரிஸ் பல்பு (கரன்ட் வரும் வழியில் தொடராக மாட்டிய பல்பு) வழியாகவே கரன்ட் கொடுங்கள். பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் சரி, பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட் எங்கே என்று தேடுங்கள்.