கராஜ் கதவின் சில்லுகள் கத்தும்போது நாம் செய்யும் தவறுகள்

மலையகத்தில் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில், வீதியோடு ஒட்டிய கீழ்த்தளம் கராஜாகவும் அதன் கொங்கிறீட் தட்டுக்கு மேலே இருப்பது படுக்கையறையாகவும் அமைந்துவிடுவது வழக்கம். விடியற்காலை நான்கரைக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறவர் கதவைத் தூக்கினால், சில்லுகளின் கீச்சொலி சுவர் வழியாக ஏறி மேலே உறங்குகிறவரை எழுப்பிவிடும். மூட்டம் இறங்கிய அமைதியில் எதிர்ச்சரிவில் உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்துக்கும் அது கேட்கும். சத்தம் கேட்டதும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை எண்ணெய்ப் போத்தலைத் தேடுவதுதான். கதவைக் கெடுக்கிற தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் போத்தலிலிருந்தே தொடங்குகின்றன.

எந்தக் கதவு என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹட்டன், பண்டாரவளை, நாவலப்பிட்டிக் கடைத்தெருக்களில் காணும் ரோலர் கதவு, மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று கொளுவியபடி மேலே ஓர் உருளையில் சுருண்டுகொள்வது. அதன் பக்கங்களில் சில்லு கிடையாது. தகட்டு ஓரங்கள் சானல் எனப்படும் பக்கத் தடத்துக்குள் உரசிக்கொண்டே ஏறி இறங்கும். அண்மைக் காலத்து வீடுகளில் பொருத்தப்படும் பலகைக் கதவோ நான்கைந்து அகலப் பலகைகளைப் பிணைச்சல்களால் கோத்து, இருபுறமும் சில்லுகள் சானலுக்குள் உருள, வளைவில் திரும்பிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்வது. முன்னதன் சானலுக்குச் சிறிதளவு சிலிக்கன் ஸ்பிரே அடிக்கலாம். பின்னதன் சானலுக்கு எந்த எண்ணெயும் வேண்டியதில்லை. இனிப் பேசப்போவது பெரும்பாலும் இந்தச் சில்லுக் கதவைப் பற்றித்தான்.

சானலுக்குள் கிரீஸ் பூசுவது இந்தக் கதவுக்கு நாம் செய்யும் மிகப் பரவலான தவறு. சில்லு சத்தம் போடுகிறது, சில்லு ஓடுவது சானலில், ஆகவே சானலுக்குக் கிரீஸ் என்று மனம் கணக்குப் போடுகிறது. உருள்வதற்குச் சில்லுக்குப் பிடிமானம் வேண்டும் என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. வழுவழுப்பான தடத்தில் சில்லு சுழலாமல் சறுக்குகிறது. ஒரே இடம் தேய்ந்து தட்டையாகிறது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டையான இடம் ‘டக்’கென்று இடிக்கிறது. அதைவிடப் பெரிய கேடு தூசியால் வருகிறது. நம் வீதியோரச் செம்மண், வெயிற்காலத்தில் லொறிச் சில்லுகள் கிளப்பி அனுப்புகிற பொடியாகக் கராஜுக்குள் வந்து படிகிறது, மழைக்காலத்தில் வாகனத்தோடு சேறாக வருகிறது. இரண்டு வருடக் கிரீஸ் பூசிய ஒரு சானலை நான் ஒருமுறை பழைய ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். வந்தது கிரீஸ் அல்ல, செங்கல் நிறத்தில் மெழுகுபோலத் திரண்ட ஒரு பசை. இரு விரல்களுக்கிடையே தேய்த்தபோது மணற்தாளைத் தேய்ப்பதுபோல் நறநறவென்றது. அந்தப் பசைக்குள்தான் பத்துச் சில்லுகள் நாளுக்கு நான்கு முறை ஓடிக்கொண்டிருந்தன. துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுச் சானலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, வெறுமையாக விட்டதும் சத்தத்தில் பாதி அன்றே அடங்கியது. மண்ணெண்ணெய்த் துணியோடு நிற்கும்போது கராஜை நன்றாகத் திறந்து வைத்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

எண்ணெய் தேவைப்படும் இடங்கள் வேறு: பேரிங் திறந்து தெரிகிற இரும்புச் சில்லின் குண்டுகள், பலகைகளை இணைக்கும் பிணைச்சல்களின் மூட்டுகள், மேலே இருக்கிற ஸ்பிரிங்கின் சுருள்கள். பேரிங்குக்குத் தையல் மெசின் எண்ணெய் ஓரிரு துளி போதும். பிணைச்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் வெள்ளை லிதியம் கிரீஸ் ஸ்பிரே அல்லது சிலிக்கன் ஸ்பிரே. அடித்தபின் கதவைக் கையால் நான்கைந்து முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். வழிந்தது சானலுக்குள் போனால் பழைய கதைதான்.

எதைப் போடுவது என்பதில் நம் ஊருக்கென்றே உள்ள ஒரு தவறு தேங்காய் எண்ணெய். கைக்கெட்டும் தூரத்தில் சமையலறையில் இருப்பதால் அதை எடுத்துவிடுகிறோம். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் போத்தலைச் சுடுநீரில் வைத்து இளக்கித்தான் தலையில் வைக்கிறோம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்நுனியில் உறைபனி படிகிற ஊரில் பேரிங்குக்குள் அந்த எண்ணெய் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். நானும் இதைச் செய்தவன்தான். பிற்பகலில் போட்டுக் கதவு பூனைபோல் நடந்ததைக் கண்டு மகிழ்ந்தேன்; மறுநாள் காலை மோட்டர் முனகியது, கதவு அரை அடி ஏறி நின்றுவிட்டது.

வாகனத்திலிருந்து வடித்த பழைய ஒயிலும் அப்படியே. அதில் என்ஜின் தேய்ந்த நுண்ணிய உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கின்றன. சில்லைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக அரைக்கும். நீல நிற டின்னில் வருகிற டபிள்யூடி-40 பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட திரவம் அது. 40-ஆவது முயற்சியில் கைகூடியதால் அந்த எண். இறுகிப்போன நட்டைத் தளர்த்தவும் பழைய பசையைக் கரைக்கவும் அதற்கு ஈடில்லை. ஆனால் அது மெல்லிய திரவம்; பேரிங்கில் இருந்த நல்ல கிரீஸைக் கழுவிவிட்டுச் சில வாரங்களில் தானும் போய்விடும். அதே பெயரில் சிலிக்கன் ஸ்பிரேயும் வெள்ளை லிதியம் ஸ்பிரேயும் விற்கப்படுவதால், ஹாட்வெயார் கடையில் டின்னின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல் எழுத்தை வாசித்து வாங்க வேண்டும்.

சத்தம் பிறக்கும் இடத்தைத் தேடாமலேயே சில்லைக் குற்றஞ்சாட்டுவது அடுத்த தவறு. கதவை முழுவதும் மூடி, மோட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, கயிற்றை இழுத்து மோட்டரிலிருந்து கதவை விடுவித்துக் கையால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஒரே சீராகக் கீச்சிடுவது உலர்ந்த மூட்டு. கரகரவென்று அரைப்பது தேய்ந்த பேரிங். கதவு முழுவதும் சடசடப்பது தளர்ந்த நட்டுகள். ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் ஒருமுறை மட்டும் தட்டினால், அங்கே இரண்டு சானல் துண்டுகள் சேரும் மூட்டு மேடுபள்ளமாக இருக்கிறது என்று பொருள். கையால் தூக்கும்போது சத்தமே இல்லையென்றால் குற்றம் சில்லில் இல்லை; மோட்டரின் சங்கிலி தொய்ந்திருக்கக்கூடும்.

அப்படியே இடுப்பளவு உயர்த்திக் கையை மெல்லத் தளர்த்திப் பார்ப்பதும் நல்லது; பாதத்தைக் கதவின் கீழே வைக்கக் கூடாது. கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கதவின் எடையைச் சில்லுகளும் மோட்டரும் சுமக்கின்றன, எத்தனை புதுச் சில்லு மாற்றினாலும் சத்தம் திரும்பி வரும். சாதாரண ஸ்பிரிங் ஏறத்தாழ 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை என்றால் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு.

இந்த நிலையில் சிலர் மோட்டரின் விசையைக் கூட்டிவிடுகிறார்கள். உராய்வு அப்படியே இருக்க, அதை மீறித் தள்ளும் பலம் மட்டும் கூடுகிறது; குழந்தையோ நாயோ கீழே அகப்பட்டால் கதவு தடையை உணர்ந்து திரும்புவதற்குப் பதிலாக நசுக்கும். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கதவு மோட்டர்களில் ஒளிக்கண் போன்ற கூடுதல் காப்பு கட்டாயமாக இருப்பது இத்தகைய விபத்துகளால்தான். ஒன்றரை அங்குல உயரப் பலகைத் துண்டொன்றைக் கதவின் கீழே தரையில் படுக்க வைத்து மோட்டரால் மூடிப் பாருங்கள். தொட்டவுடன் கதவு மேலே திரும்ப வேண்டும்.

சில்லு உண்மையாகவே தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, அதை விரல்களால் பிடித்துத் தண்டின் மீது இருபக்கமும் ஆட்டிப் பார்த்தால் போதும். சற்றே அசையலாம், தளர்ந்த பல்லைப்போல் ஆடினால் மாற்ற வேண்டும். மாற்றும்போது பேரிங் இல்லாத மலிவான பிளாஸ்டிக் சில்லை வாங்குவது வீண் செலவு. மூடிய பேரிங் உள்ள நைலோன் சில்லு இரும்புச் சில்லைவிட அமைதியாக ஓடும், நம் ஈரத்தில் துருப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. அதன் பேரிங்குக்கு வெளியிலிருந்து எண்ணெய் போட முயலவும் வேண்டாம். பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று சில்லின் விட்டம், தண்டின் தடிப்பு, நீளம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் சில்லு வளைவில் சானலை விட்டு வெளியே வந்துவிடும்.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மிகக் கீழே இருக்கும் இரண்டு சில்லுகளையும் அவற்றைத் தாங்கும் இரும்புக் கட்டையையும் வீட்டில் யாரும் கழற்றக் கூடாது. ஸ்பிரிங்கிலிருந்து வரும் கேபிள் அந்தக் கட்டையில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு இழுவிசையும் அதில் நிற்கிறது. போல்ட்டைத் தளர்த்தியதும் கட்டை தெறித்துக் கையை முறித்துவிடும். மற்றச் சில்லுகளை ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றலாம். இந்த இரண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஸ்பிரிங்கை முறுக்கும் கம்பிகளோடு வருகிற ஆளைக் கூப்பிடுங்கள்.

சானல் வளைந்திருந்தால் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவதும் நம்மிடையே உண்டு. ஒரு பள்ளம் போய் இரண்டு பள்ளம் வரும். சரிவில் நிற்கிற வீட்டில், மழை ஊறிய மண் அமர அமரச் சுவரே சற்றுச் சாய்ந்து சானலைத் தன்னோடு இழுத்திருக்கவும் கூடும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு இரு சானல்களும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்திச் சானலை நகர்த்துவதே முறை.

கதவைப் பிரெஷர் வோஷரால் கழுவும்போது தண்ணீரைச் சில்லுகளின் பக்கம் திருப்பாதீர்கள். பேரிங்குக்குள் புகுந்த நீர் வட்டவளை, கினிகத்தேனை போன்ற மழை ஓயாத ஊர்களில் காய்வதேயில்லை. துடைப்பதையும் எண்ணெயிடுவதையும் ஆண்டுக்கு இருமுறை செய்தால் போதும்: மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்ரலில் ஒருமுறை, அது ஓய்ந்து ஒக்டோபர் இடிமழை தொடங்குமுன் ஒருமுறை. அதன் பிறகும் பலகைகள் வளைவில் திரும்பும்போது மெல்லிய ‘கடக், கடக்’ ஓசை கேட்கும். அதற்காக மறுபடி போத்தலை எடுக்க வேண்டாம். பலகைக் கதவின் இயல்பு அது.