சி டிரைவ் சிவப்பானதும் செய்யக்கூடாதவை: பார்ட்டிஷன் வேலையில் நடக்கும் தவறுகள்

பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதி, தொடர்பான தொல்லைகளில் பாதி, கம்ப்யூட்டரை வாங்கிய அன்றே தொடங்கிவிடுகிறது. 1 டிபி டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று நான்காக வெட்டி, சி-க்கு மட்டும் 100 ஜிபி ஒதுக்கிக் கொடுப்பது சிஸ்டம் அசெம்பிள் செய்து தருபவர்களிடம் வெகுநாளாக இருக்கும் பழக்கம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அடிக்கடி சி-யை ஃபார்மட் செய்ய வேண்டியிருந்தது. படங்களும் பாட்டுகளும் டி-யில் தப்பித்துக்கொண்டன. இன்றைக்கு விண்டோஸ் 11 நிறுவுவதற்கே மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச இடம் 64 ஜிபி. அப்டேட்டுகள், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்நேஷன் ஃபைல் (கம்ப்யூட்டர் உறங்கும் முன் ரேமில் இருப்பதைச் சேமிக்கும் கோப்பு), பிரவுசர்களின் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் நீங்கள் கேட்காமலே சி-யில்தான் சேரும். 100 ஜிபி ஓரிரு வருடத்தில் நிரம்பி, டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும். அதைச் சரிசெய்யப் போகும்போதுதான் மற்ற தவறுகள் வரிசையாக வருகின்றன.

எத்தனை பார்ட்டிஷன் வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். ஒரே எஸ்எஸ்டி (தட்டு சுழலாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் சி மட்டும் போதும். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு. 512 ஜிபியில் சி-க்கு 200-லிருந்து 250 ஜிபி வரை கொடுங்கள். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து இருந்தால் எஸ்எஸ்டி முழுவதும் சி, ஹார்ட் டிஸ்க் முழுவதும் டி. தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வெளி வட்டம் வேகமாகப் படிக்கப்படும் என்பதால் முதல் பார்ட்டிஷனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. எஸ்எஸ்டியில் வட்டமும் இல்லை, அந்த மதிப்பும் இல்லை. சி-யில் இருப்பதை டி-யில் இன்னொரு பிரதி போட்டு வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று நம்புவதும் வீண்தான். சுவர் வைத்துப் பிரித்தாலும் வீடு ஒன்றுதான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

(512 ஜிபி வாங்கியது 476 ஆகத் தெரிகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல். எதுவும் காணாமல் போகவில்லை.)

படத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். அதன் கீழ்ப்பாதியில் இருக்கும் கட்டங்கள் வெறும் அலங்காரமல்ல, டிஸ்க்கில் பார்ட்டிஷன்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கான வரைபடம். 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் அது இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இடது ஓரத்தில் 100 எம்பிக்கு இஎஃப்ஐ (பூட் கோப்புகள் இருக்கும் பகுதி), அடுத்து சி 100 ஜிபி, அதையொட்டி 750 எம்பி ரெகவரி பார்ட்டிஷன் (ரிப்பேர் மெனு இருக்கும் பகுதி), கடைசியில் டி 376 ஜிபி.

டி-யில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அதில் 100 ஜிபியை எடுத்து சி-யோடு சேர்த்தால் ஆயிற்று என்று யாருக்கும் தோன்றும். டி மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம் (சுருக்கும் கட்டளை), 102400 (100 ஜிபி, எம்பி கணக்கில்) என்று எண், வேலை முடிந்துவிடும். டி-க்கு வலப்பக்கம் கருப்புப் பட்டையோடு 100 ஜிபி அன்அலோகேட்டட் (எந்த பார்ட்டிஷனிலும் சேராத) இடம் வந்து நிற்கும். சந்தோஷமாக சி மேல் ரைட் கிளிக் செய்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் (நீட்டும் கட்டளை) மங்கிக் கிடக்கும்.

காரணம் இதுதான். விண்டோஸின் இந்தக் கருவி ஒரு பார்ட்டிஷனை அதன் வலப்பக்கச் சுவரை ஒட்டிய காலி இடத்தில் மட்டுமே நீட்டும். நீங்கள் உண்டாக்கிய இடம் டி-யின் அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் ரெகவரியும் டி-யும் நிற்கின்றன. ஷ்ரிங்க் எப்போதும் வால் பக்கத்தைத்தான் வெட்டும், தலைப் பக்கத்தை வெட்டாது. இதுவரை சேதம் எதுவும் இல்லை. டி-யை எக்ஸ்டெண்ட் செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடலாம். சேதம் அடுத்த நொடியில் நடக்கிறது: வழியை மறிக்கிறதே என்று டி-யையோ ரெகவரியையோ டெலீட் செய்வதில்.

இந்த நிலையில் பார்ட்டிஷனைத் தொடாமலே முடியும் வழி ஒன்று இருக்கிறது; பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய்ப் பழைய அப்டேட் மிச்சங்களை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். பிறகு டவுன்லோட்ஸ், வீடியோஸ் போன்ற ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸுக்குள் லொகேஷன் என்ற டேபில் மூவ் கொடுத்து டி-க்கு மாற்றுங்கள். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. டி-யில் முதலில் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி அதைத்தான் காட்ட வேண்டும். அவசரத்தில் டி டிரைவையே காட்டிவிட்டால், டி முழுவதும் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டராக மாறிவிடும். திரும்ப மாற்றப் போனால் டி-யில் உள்ள அத்தனையையும் சி-க்கு நகர்த்தட்டுமா என்று கேட்டு அடம் பிடிக்கும்.

சி-யை நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், டி-யில் உள்ளதை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்து, அங்கே நாலைந்து பெரிய கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே டி-யை டெலீட் செய்யுங்கள். அப்போதும் ரெகவரி பார்ட்டிஷன் நடுவில் நிற்கும். அதை அழித்தாலும் விண்டோஸ் ஓடும் என்பது உண்மை. ஆனால் பூட் ஆகாத நாளில் ரிப்பேர் மெனு வராது. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட் பல கம்ப்யூட்டர்களில் தோற்றுப்போனதற்குக் காரணமே ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதாததுதான். அதை 250 எம்பி பெரிதாக்கும் கட்டளைகளை மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டது. ரெகவரியை முடக்குவது, அழிப்பது, புதிதாக உண்டாக்குவது, மீண்டும் இயக்குவது என்ற அதே வரிசைதான் இங்கேயும். கட்டளைகளைக் கையால் தட்டாமல் அங்கிருந்து காப்பி எடுங்கள். சி-யை நீட்டும்போது கடைசியில் 1 ஜிபி விட்டுவைத்தால் புது ரெகவரிக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாவது வழி, ஜிபார்ட்டெட் போன்ற கருவியை யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து பார்ட்டிஷன்களையே நகர்த்துவது. கேட்க எளிது. ஆனால் ஒரு பார்ட்டிஷனை வலப்பக்கம் நகர்த்துவது என்றால் அதில் உள்ள தகவலைத் துண்டு துண்டாகப் படித்துப் புது இடத்தில் எழுதுவது. ஹார்ட் டிஸ்க்கில் இது பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலும் நிற்கும், அந்த பார்ட்டிஷன் எதற்கும் உதவாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதைத் தொடவே வேண்டாம். பத்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ் பேட்டரியும் இல்லாததற்குச் சமம். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும்.

ஷ்ரிங்க் கேட்கும் எண்

ஷ்ரிங்க் பெட்டியில் எண்ணை எம்பியில் கொடுக்க வேண்டும். 100 ஜிபி வேண்டும் என்று 100 அடித்தால் 100 எம்பி துண்டு ஒன்று கிடைக்கும். சிரித்துவிட்டு மறுபடி செய்யலாம். அதைவிட மோசமானது, பெட்டியில் ஏற்கெனவே நிரப்பியிருக்கும் எண்ணை அப்படியே ஏற்பது. அது விண்டோஸின் சிபாரிசு அல்ல, வெட்ட முடிந்த அதிகபட்சம். அதை ஏற்றால் சி-யில் மூச்சுவிட இடம் இருக்காது. எத்தனை ஜிபி வேண்டுமோ அதை 1024-ஆல் பெருக்கி எழுதுங்கள்: 150 ஜிபிக்கு 153600.

இதற்கு நேர்மாறாக, சி-யில் 300 ஜிபி காலியாக இருந்தும் 40 ஜிபிக்கு மேல் வெட்ட முடியாது என்று சொல்லும். நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு வால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் பிரிவில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்தால் தடுக்கும் கோப்பின் பெயரே இருக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் வைத்திருக்கும் நகல்கள் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, வெட்டிவிட்டு, மறுபடி இயக்கிவிடுங்கள். சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினால் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகள் அழியும் என்பது நினைவிருக்கட்டும்.

வெட்டுவதற்கு முன் டிஸ்க்கின் உடம்பு எப்படி என்று பாருங்கள். அதைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால், குறிப்பாக ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால், பார்ட்டிஷன் வேலையை விட்டுவிட்டு முதலில் தகவலை வெளியே எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் முழு ஸ்கேன் ஓடவிடுவது, மூச்சு வாங்குபவரை மாடி ஏறச் சொல்வதைப் போல.

எஸ் கொடுக்கக்கூடாத கேள்விகள்

பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் இருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது. ஏறக்குறைய 2 டிபிக்கு மேல் உள்ள இடம் அதன் கண்ணுக்கே தெரியாது. ஐந்தாவது பார்ட்டிஷன் போட முயன்றால், இந்த டிஸ்க் டைனமிக் டிஸ்க்காக மாற்றப்படும், சரியா என்று ஒரு செய்தி வரலாம். பலரும் படிக்காமல் எஸ் கொடுப்பது இங்கேதான். டைனமிக்கிலிருந்து வழக்கமான பேசிக் முறைக்குத் திரும்ப வேண்டுமானால் விண்டோஸின் சொந்தக் கருவியில் எல்லா வால்யூம்களையும் அழித்தாக வேண்டும். மைக்ரோசாஃப்ட்டே கைவிட்டுவிட்ட முறை அது. நோ கொடுங்கள். ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறைக்கு மாறுவதுதான் சரியான தீர்வு. அதில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி, தகவலை அழிக்காமல் சிஸ்டம் டிஸ்க்கையே மாற்றும். ஆனால் டிஸ்க்கில் மூன்று பிரைமரிக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனும் இருக்கக்கூடாது. மாற்றிய கையோடு பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ்) பூட் முறையை லெகசியிலிருந்து (பழையது) யுஇஎஃப்ஐக்கு (புதியது) மாற்ற வேண்டும். மறந்தால் பூட் ஆகாது. மதர்போர்டில் யுஇஎஃப்ஐ இருக்கிறதா என்று மாற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்தோ மேக்கிலிருந்தோ கழற்றிய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால், பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்றோ, இனிஷியலைஸ் செய்ய வேண்டும் என்றோ கேட்கலாம். விண்டோஸுக்கு அந்த ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியவில்லை என்பதற்கு மேல் அந்தச் செய்திக்கு அர்த்தம் கிடையாது. கேன்சல்.

என்க்ரிப்ஷனையும் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கும். அது தெரியாமல் பயாஸிலோ பூட் பகுதியிலோ கை வைத்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்டுத் திரை நீலமாக நிற்கும். கீ அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடியிலேயே செட்டப் செய்து கொடுத்த லேப்டாப் என்றால், கீ அவரிடம் இருக்கிறது என்று பொருள். வேலை தொடங்கும் முன்பே கீயைத் தாளில் எழுதி வையுங்கள். ஜிபார்ட்டெட் கொண்டு நகர்த்துவதானால் என்க்ரிப்ஷனை முழுவதுமாக நீக்கிவிட்டே செய்ய வேண்டும்.

டிஸ்க்பார்ட்டில் க்ளீன் அடிக்கும் முன்

பென் டிரைவ் சரியாக வேலை செய்யவில்லை, டிஸ்க்பார்ட்டில் (கட்டளை அடித்து வேலை வாங்கும் விண்டோஸ் டிஸ்க் கருவி) போய் க்ளீன் (டிஸ்க்கையே காலியாக்கும் கட்டளை) கொடு என்று எல்லா வீடியோவும் சொல்லும். அந்தக் கட்டளை உறுதியா என்று ஒரு முறைகூடக் கேட்காது என்பதைச் சில வீடியோக்கள்தான் சொல்லும். டிஸ்க் எண்கள் நிலையானவையும் அல்ல. நேற்று டிஸ்க் 1 ஆக இருந்த பென் டிரைவ், இன்று வெளி ஹார்ட் டிஸ்க்கும் மாட்டியிருப்பதால் டிஸ்க் 2 ஆகியிருக்கும். தேவையில்லாத எல்லா டிஸ்க்கையும் முதலில் கழற்றுங்கள். லிஸ்ட் டிஸ்க் கொடுத்து அளவைப் பாருங்கள்: 32 ஜிபி பென் டிரைவ் 28 அல்லது 29 ஜிபி என்று காட்டும், 931 ஜிபி என்று காட்டுவது உங்கள் பென் டிரைவ் அல்ல. செலக்ட் செய்த பிறகு லிஸ்ட் டிஸ்க்கை இன்னொரு முறை கொடுங்கள், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். குறி சரியான வரியில் இருந்தால் மட்டும் க்ளீன்.

தவறான பார்ட்டிஷனை அழித்தே விட்டீர்கள் என்றால், கையை எடுங்கள். புது பார்ட்டிஷன் உண்டாக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள், மீட்புக் கருவியை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் வால்யூமோ க்ளீனோ அழிப்பது பெரும்பாலும் அட்டவணையைத்தான். உள்ளே இருக்கும் கோப்புகள் மேலெழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டி, அனலைஸ், குவிக் சர்ச் கொடுத்தால் பழைய பார்ட்டிஷன் பட்டியலில் வரும். உள்ளே உள்ள கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பார்த்து, முக்கியமானதை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்த பிறகு, அட்டவணையை எழுதும் ரைட் (Write) கொடுங்கள். எஸ்எஸ்டியில் கதை வேறு. ஃபார்மட் செய்ததும் ட்ரிம் கட்டளை அந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். அது பின்னணியில் அந்த இடத்தைத் துடைத்துவிடும், பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள். அப்படி ஆகிவிட்ட எஸ்எஸ்டிக்கு மீட்பு மென்பொருள் வாங்கக் காசு செலவழிக்கும் முன், அதன் இலவசப் பதிப்பு கோப்புகளைத் திறந்து முன்னோட்டம் காட்டுகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் வந்து படம் திறக்கவில்லை என்றால், காசு கொடுத்தாலும் அதே பெயர்தான் வரும்.