திதியை ஆங்கிலத் தேதியில் பூட்டாதீர்கள்

போன வாரம் சித்தி மகன் புது ஃபோனின் காலண்டரில் வீட்டு விசேஷங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். தாத்தாவின் திதிக்குப் போன வருடத் தேதியைப் போட்டு, கீழே ‘ஆண்டுதோறும்’ என்று தட்டினான். எனக்குப் பதறிவிட்டது. நானும் அதையேதான் செய்திருந்தேன்.

நேரத்தை மாற்றிப் போடுவது, பெயரில் எழுத்துப்பிழை விடுவது எல்லாம் ஒருமுறை அலாரம் அடித்தாலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நினைவூட்டலில் சுலபமாகக் கண்ணில் படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

திதிக்கு ‘ஆண்டுதோறும்’

அப்பா இறந்தது 2021 நவம்பர் 1 காலை. ஐப்பசி தேய்பிறை ஏகாதசி. அந்தத் தேதியையே ஆண்டுதோறும் என்று பதிந்து, இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டச் சொல்லியிருந்தேன். 2022 அக்டோபர் 30 அன்று ஃபோன் ஒலித்ததும் குருக்களை அழைத்தேன். பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “ஏகாதசி 21ஆம் தேதியே போயிடுச்சேப்பா. இப்ப வளர்பிறைன்னா நடக்குது?” என்றார். தலைத் திவசம் அது. வெளியூரிலிருந்து அண்ணன் டிக்கெட் போட்டிருந்தான். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு கார்த்திகை அமாவாசையில் செய்தோம். இன்றும் நினைத்தால் ஆறவில்லை.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். அதனால் திதி ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு சந்திர மாதம் கூடுதலாக வந்து, அதைப் பின்னால் தள்ளும். தீபாவளியைப் பாருங்கள்: 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. எந்த ‘ஆண்டுதோறும்’ பொத்தானுக்கும் இது அடங்காது.

இப்போது நான் செய்வது இதுதான். ஏப்ரல் 14க்கு மட்டும் ஆண்டுதோறும் ஒரு நினைவூட்டல்: ‘புதுப் பஞ்சாங்கம் பார், திதிகளை ஏற்று’. அன்று உட்கார்ந்து அந்த வருடத் தேதிகளைத் தனித்தனியாக, மறுநிகழ்வு இல்லாமல் பதிகிறேன். தலைப்பிலேயே ‘அப்பா திதி, ஐப்பசி தேய்பிறை ஏகாதசி’ என்று எழுதிவிடுகிறேன். வேறு யார் பார்த்தாலும் சரிபார்க்கலாம். திதி இரண்டு நாளில் பரவி நின்றாலோ, ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தாலோ நாமே முடிவு செய்யக்கூடாது. குருக்களைக் கேட்டுவிட்டுப் பதியுங்கள். நட்சத்திரப் பிறந்தநாளுக்கும் இதே முறைதான்.

மாத அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ‘30 நாளுக்கு ஒருமுறை’ என்று போடுவதும் இதே தவறுதான். சந்திர மாதம் சுமார் இருபத்தொன்பதரை நாள். நான்கு மாதத்தில் இரண்டு நாள் விலகிவிடும்.

31ஆம் தேதி வாடகை

காலண்டர் செயலிகளுக்கான பொது விதியான ஆர்.எஃப்.சி. 5545இன்படி, இல்லாத தேதி விட்டுப்போகும். அப்படிப்பட்ட செயலியில் மாதந்தோறும் 31 என்று போட்டால் வருடத்துக்கு ஏழு முறைதான் மணி அடிக்கும். அவுட்லுக் மாதக் கடைசி நாளுக்கு நகர்த்திக்கொள்ளும். உங்கள் செயலி எப்படி என்று பிப்ரவரியைத் திறந்து பாருங்கள். ‘மாதத்தின் கடைசி நாள்’ என்ற தேர்வு இருந்தால் அதையே எடுங்கள்.

28 நாள் ரீசார்ஜ்

‘மாதந்தோறும்’ வேண்டாம். ‘4 வாரத்துக்கு ஒருமுறை’ போடுங்கள். வருடத்துக்கு 13 முறை வரும்.

பிப்ரவரி 29 பிறந்தநாள்

28ஆ, மார்ச் 1ஆ என்று பிறந்தவரையே கேட்டு அதைப் பதியுங்கள்.