புது வேலையில் மனநலச் சிகிச்சையைப் பற்றிச் சொல்வது எப்படி?

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) எதுவானாலும், வேலைக்குச் சேரும் எல்லாரும் அதை முதலாளியிடம் சொல்லியே ஆகவேண்டும் என்ற பொதுவான கட்டாயம் கிடையாது. வேலையில் ஏதாவது மாற்றம் கேட்கப் போகிறீர்களா? சொல்லாமல் விட்டால் உங்களுக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து வருமா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் சொல்லத் தேவையில்லை.

சேலத்து வேலைகளில் அந்த இரண்டாவது கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் காயப்போடும் களத்தில் சித்திரை வெயிலில் நின்றால், வியர்வையில் நீரும் உப்பும் போய் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறலாம். கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் மாறி மாறி வந்து தூக்கம் கெட்டால் இருமுனைக் கோளாறு மறுபடி கிளம்பலாம். ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவருக்கு இரவு மாத்திரையின் மயக்கம் காலையிலும் மிச்சமிருந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதலில் மருத்துவரிடம் வேலையின் தன்மையைச் சொல்லுங்கள்; மாத்திரையையோ நேரத்தையோ அவரே மாற்றித்தர முடியலாம்.

சொல்வதென்று முடிவானால், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபின், சேரும் நாளுக்கு முன் சொல்லுங்கள். நேர்காணலிலேயே சொன்னால் காரணம் காட்டாமல் கழித்துவிடலாம். உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. ஷிஃப்ட் போட்ட பிறகு சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்ற பேச்சு வரும். ஆனால் மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னால் தெரியவந்தால் அந்தப் பொய்யைக் காட்டியே வேலையைவிட்டு நீக்குவார்கள்.

கையில் இருக்கவேண்டியது மருத்துவரின் கடிதம். ‘இந்த வேலைக்குத் தகுதியானவர், இன்ன மாற்றம் தேவை, இன்ன தேதிவரை’ என்ற மூன்றும் போதும். நோயின் பெயரும் மாத்திரைப் பெயர்களும் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் பிரிவின் பெயரும் மருந்தும் அப்படியே இருக்கும். நாலு மேசை தாண்டுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பேசும்போது தேவையைச் சொல்லுங்கள்: “சார், தொடர்ந்து ஒரு சிகிச்சையில இருக்கேன். வேலைக்கு அதனால பாதிப்பு இல்ல. முதல் ஆறு மாசம் நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. மாசம் ஒருநாள் காலைல செக்கப் போகணும்.” என்ன நோய் என்று துருவினால், “அது டாக்டருக்கும் எனக்கும் உள்ள விஷயம் சார், கடிதத்துல வேலைக்கு வேண்டியது இருக்கு” என்று பணிவாக நிறுத்திக்கொள்ளலாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை.

பேசிய அன்றே, சொன்னதை எச்.ஆருக்கு மெயிலாகவும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் சூப்பர்வைசர் மாறியதும் எல்லாம் போய்விடும். வாட்ஸாப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வைத்து, அதற்கென ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டும். அவர் யாரென்று எச்.ஆரிடம் கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை போன்ற சின்ன இடங்களில் நடைமுறையில் முதலாளியின் மனசுதான் எல்லாம். அங்கே அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களிடம் வேண்டாம்.

எப்படிச் சொல்வதென்று குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.