சாமியார் வீட்டுக்கு வருகிறார்: நோயில்பூசுதலுக்கு எப்படித் தயாராவது?

ஏற்காட்டில் எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில், யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க வருகிற சாமியாரோடு, அதாவது பங்குக் குருவோடு, கூடப் போகிறவள் நான். பதினேழு வருடமாகப் போகிறேன். பாதி வீடுகளில் வாசலிலேயே கேட்பார்கள்: "ஐயோ, அவஸ்தை கொடுக்கிற அளவுக்கு வந்துட்டதா?"

அந்தப் பழைய பெயர் கொடுத்த பயம் இது. பாட்டி காலத்தில் 'அவஸ்தைப்பூசுதல்' என்றார்கள், மூச்சு இழுக்கும்போது கொடுப்பது என்றே நினைத்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் 'நோயில்பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர் என்றது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையைக் கொடுத்தார். யாக்கோபு திருமுகம் 5:14-ஐ எடுத்து வாசியுங்கள். நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும் என்றுதான் இருக்கிறது. சாகிறவர் என்ற பேச்சே அங்கே இல்லை.

எங்கள் அம்மாவுக்கு நாங்கள் தாமதித்துவிட்டோம். சாமியாரைப் பார்த்தால் பயந்துவிடுவார் என்று உறவில் பெரியவர் ஒருவர் தடுத்தார், நானும் சரி என்றேன். சாமியார் வந்தபோது அம்மாவுக்கு நினைவு இல்லை. அந்த நிலையிலும் பூசலாம், பூசினார். ஆனால் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் இல்லை, நன்மையும், அதாவது நற்கருணை அப்பமும், வாங்க முடியவில்லை. ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கியவர் என் அம்மா. அதனால்தான் போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன்: 'ஆமென்' சொல்ல நாக்கு எழும்பும்போதே அழையுங்கள்.

கடுமையான நோய், பெரிய ஆபரேஷனுக்கு முன்பு, முதுமையில் உடம்பு தளர்ந்த நிலை, இதெல்லாம் அழைக்க வேண்டிய நேரம். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் நம் சாமியார் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்துப் பங்குக் கோவிலில் சொல்லுங்கள், எந்தக் குருவும் கொடுக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தையொட்டி, மறைமாவட்டத் தலைவரான ஆயர் தம் குருக்களோடு கூடி மந்திரிக்கும் எண்ணெய்தான் மறைமாவட்டத்துப் பங்குகளுக்கெல்லாம் போகிறது. எஸ்டேட் லயன் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறவருக்கும் அதே எண்ணெய்தான். அவரைத் திருச்சபை தனியே விடவில்லை என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "சாமியார் வந்து ஜெபிக்கட்டுமா, நன்மை வாங்குறீங்களா?" என்று கேட்டால் போதும். நான் பார்த்தவரை, பயப்படுவது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி. பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி, மந்திரித்த தீர்த்தம், கொஞ்சம் பஞ்சு. சாமியார் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்க எலுமிச்சைத் துண்டு வைப்பதும் பழைய வழக்கம். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. குடிக்கத் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் வேண்டும். விழுங்கச் சிரமம் என்றால் முன்பே சொல்லுங்கள், அப்பத்தில் சிறு துணுக்கு கொடுப்பார். நன்மைக்கு முன் சாப்பிடக் கூடாது என்ற விதி நோயாளிக்கு இல்லை, சாப்பிட்டிருந்தாலும் வாங்கலாம். கூட இருந்து கவனிக்கிறவருக்கும் இதே சலுகை உண்டு, பலருக்கு இது தெரியாது. மழைக்காலத்தில் மலையில் பனி இறங்கிவிட்டால் வீடு கண்டுபிடிப்பது கஷ்டம், யாராவது ஒருவர் டார்ச்சோடு ரோட்டில் நிற்கட்டும். நாயைக் கட்டிவிடுங்கள், டிவியை நிறுத்திவிடுங்கள்.

சாமியார் நற்கருணையோடு வருவார். அந்த நேரத்தில் காபி போடவா என்று ஓடாமல், மெழுகுவர்த்தி ஏற்றி அமைதியாக வரவேற்பதே மரியாதை. பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லோரும் வெளியே போக வேண்டும், மகனோ மகளோ ஆனாலும் சரி. கூப்பிட்டதும் உள்ளே வந்து சேர்ந்து ஜெபியுங்கள். முதலில் பேசாமல் தலைமேல் கை வைப்பார். எனக்கு அந்த நிமிடம்தான் பெரிது. பல நாளாக ஊசிக்கும் மாத்திரைக்கும் மட்டும் தொடப்பட்ட உடம்பு அது. அப்புறம் நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுவார். டிரிப் ஊசிக்குச் சுற்றியிருக்கும் கட்டு, கையுறை, போர்வை எதுவும் மறைக்காமல் உள்ளங்கையைத் திறந்து வையுங்கள். பிறகு எல்லோரும் இயேசு கற்றுத்தந்த பரலோக மந்திரம் சொல்ல, நன்மை கொடுப்பார். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு அந்த நன்மையே வழியுணவு, பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு மாதிரி.

சாமியார் போனதும் பஞ்சை எரித்துவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம். நெற்றி எண்ணெயை அவசரமாகத் துடைக்காதீர்கள். ஒருதடவை வாங்கினால் அவ்வளவுதான் என்றும் நினைக்காதீர்கள். குணமாகி மறுபடி கடுமையாக விழுந்தாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பவும் அழைக்கலாம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி மூன்று தடவை வாங்கியிருக்கிறார். போன ஞாயிறு பூசைக்கு நடந்தே வந்தார்.