குதிகால் நரம்பு வலிக்கு வாசப்படி வைத்தியம்

வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு தஞ்சாவூர்லேர்ந்து நடந்தே போனேன், அதுவரைக்கும் தெருமுனை டீக்கடைய தாண்டி நடக்காத ஆளு. வீட்டுக்கு வந்த மறுநாள் கட்டில்லேர்ந்து கால கீழ வச்சதும் குதிகாலுக்கு மேல சுருக்குன்னுச்சு, நாலு எட்டு வச்சா குறையுது, உக்காந்து எந்திரிச்சா திரும்ப வருது. நரம்பு இழுத்துக்கிச்சுன்னு அம்மா எண்ணெய் போட்டு உருவிவிட்டாங்க, ரெண்டு வாரம் கால நீட்டிப் படுத்தும் பாத்தேன், நடந்தா அதே கதைதான்.

அது நரம்பே இல்லங்க. கெண்டைக்கால் சதைய குதிகால் எலும்போட கட்டிவச்சிருக்கிற நாண், அக்கிலிஸ் டெண்டான்னு பேரு. சும்மா போட்டா இன்னும் பலம் போயிடும், கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்தினாத்தான் தேறும்.

வலி ஜாஸ்தியா இருக்கிற முதல் வாரம் செவுத்த பிடிச்சுக்கிட்டு ரெண்டு கால்லயும் எம்பி 45 செகண்ட் நில்லுங்க, 5 தடவ. அப்புறம் படி. 1998ல ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃபிரட்சன் சொன்ன முறை இது. வீட்டு வாசப்படி போதும், ஆத்துப் படித்துறைக்கு போயிடாதீங்க, பாசி வழுக்கும். முன்பாதம் மட்டும் படி விளிம்புல இருக்கணும். ரெண்டு கால்லயும் எம்பி, நல்ல கால எடுத்துட்டு, வலிக்கிற கால்ல மட்டும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே குதிகால படிக்கு கீழ இறக்குங்க, மேல வர்றதுக்கு நல்ல கால்தான். முட்டி நேரா வச்சு 15, மூணு செட்டு, முட்டிய லேசா மடக்கி அதே கணக்கு. காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ, 12 வாரம். ஈசியாயிட்டா பழைய ஸ்கூல் பேக்ல அஞ்சு கிலோ அரிசி போட்டு மாட்டிக்குங்க, நான் பண்ணப்ப பக்கத்து வீட்டு அக்கா ரேஷனுக்கு கெளம்பிட்டியான்னு கேட்டாங்க.

வலி குதிகாலுக்கு ரெண்டு மூணு விரக்கடை மேல இருந்தாத்தான் இந்த மாதிரி கீழ இறக்கணும், எலும்போட ஒட்டுற எடத்துலயே வலின்னா சமதரையோட நிறுத்திக்கணும்.

செய்யும்போது பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலிக்கலாம், பயப்படாதீங்க. மறுநாள் காலைல முன்னாடிய விட ஜாஸ்தியா இருந்தா நேத்து ஓவரா பண்ணிட்டோம்னு அர்த்தம், குறைச்சுக்குங்க. தேஞ்ச ரப்பர் செருப்ப தூக்கிப் போட்டுட்டு குதிகால் கொஞ்சம் ஒசந்த செருப்பா பாருங்க, கொஞ்ச நாளைக்கு வரப்புல வெறுங்கால்ல ஓட வேணாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திர சாப்பிடும்போது இந்த வலி ஆரம்பிச்சிருந்தா டாக்டர்கிட்ட ஒடனே சொல்லிடுங்க. பின்னாலேர்ந்து யாரோ ஒதச்ச மாதிரி டப்புன்னு ஆகி, குப்புறப் படுத்து கெண்டைச் சதைய அமுக்கினா பாதம் அசையலன்னா நாண் அறுந்திருக்கும், படியெல்லாம் ஏறாம அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட போயிடணும்.